காலைக் காணேல்லை: ஓர் அரங்கேற்றப் படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

பரத அரங்கேற்றம் முடிந்து நாலாம் நாள் நடன டீச்சர் எங்கள் வீடியோக் கடைக்கு வந்தார். எடிற் செய்த முதல் பிரதியைப் போட்டுக் காட்டினேன். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் என்று வரிசையாக வரும் நடன உருப்படிகள் எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். வர்ணம் தொடங்கியதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். 32ஆவது நிமிடம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுங்கோ தம்பி. காலைக் காணேல்லை."

திரையில் பிள்ளையின் முகம் மட்டும் இருந்தது. முகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கண் இமை கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது சரண சுவரம், வர்ணத்தில் கால் வேலை நிறைந்த பகுதி. மிருதங்கம் விரட்ட, சலங்கை மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. கேட்பவருக்குக் கால் தெரிய வேண்டிய இடம். 46 விநாடிக்கு நாங்கள் காட்டியது முகத்தை மட்டும். அந்த 46 விநாடிக்குப் பாதம் தெரியும் படம் எங்கள் மூன்று கமராவிலும் இல்லை.

மூன்று கமரா, நான்கு பேர், அரங்கேற்றங்கள் பல எடுத்த அனுபவம். அப்படியிருந்தும் இது நடந்தது. எப்படி என்று எழுதி வைத்தால் எனக்கும் நல்லது, இதே தொழில் செய்பவர்களுக்கும் உதவும். பிள்ளையின் பெயர், மண்டபத்தின் பெயர் எதுவும் இங்கே தேவையில்லை. மண்டபம், யாழ்ப்பாணத்தில் அரங்கேற்றம் என்றதும் நினைவுக்கு வரும் வீரசிங்கம் மண்டபம் அல்ல. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் 2023இல் திறந்த கலாசார மையமும் அல்ல. ஊருக்குள் இருக்கும் ஒரு நடுத்தர மண்டபம். 400 பேர் இருக்கலாம். பின்னால் சின்ன மாடம்.

நாள், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை. வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கும் காலம் என்பதால் ஆடி, ஆவணியில்தான் இங்கே அரங்கேற்றங்கள் குவியும். ஆடியவர் 15 வயதுப் பிள்ளை. ஒன்பது வருடப் பயிற்சி. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளிலும் ஏறி வந்தவர். டீச்சர் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். வீடியோச் செலவு கனடா மாமாவுடையது. வர முடியாத உறவுகளுக்காக நேரலையும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை ஒரு மச்சாள் தன் ஃபோனில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இங்கே மாலை 5 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 7.30. அங்கே சனிக்கிழமை காலைத் தேநீரோடு இருந்து பார்க்கலாம்.

கமராவை எங்கே வைத்தோம்

பரதத்தைப் படமாக்குவதில் அடிப்படைச் சண்டை ஒன்று உண்டு. அடவுக்கு, அதாவது காலும் கையும் சேர்ந்த ஆட்ட அசைவுக்கு, முழு உடம்பும் வேண்டும். பாதம் தரையில் தட்டுவது தெரிய வேண்டும். அபிநயத்துக்கு முகம் வேண்டும், கண் வேண்டும். ஒரே கமராவால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. கலியாண வீட்டு வீடியோ எடுத்துப் பழகிய கைக்கு முகத்தைப் பார்த்தால் கிட்டப் போகத் தோன்றும். அரங்கேற்றத்தில் அந்தப் பழக்கம்தான் முதல் எதிரி.

அதனால் இப்படிப் பிரித்தோம். நடு வழியில், மேடையிலிருந்து சுமார் 40 அடியில், இரண்டு மேசையை அடுக்கி அதன்மேல் முதல் கமரா. அது என் கையில். தலை முதல் கால் வரை, பிள்ளை நகர நகரக் கூடவே போவது அதன் வேலை. மாடத்தில் இரண்டாவது கமரா. மேடை முழுவதும், பக்கவாத்தியக்காரரும் நடராஜரும் உட்பட, அசையாத படம். அதற்கு எங்கள் பெடியன் ஒருவன் பொறுப்பு. மூன்றாவது, சுவரோரம் நின்று முகத்தையும் முத்திரையையும் பிடிப்பது.

மேசைக்கும் காரணம் உண்டு. மேடை மூன்றரை அடி உயரம். கதிரை மட்டத்தில் கமராவை வைத்தால் மேடை விளிம்பு பாதத்தை வெட்டும். போதாததற்கு முன் வரிசையில் பூ வைத்த கொண்டைகள். இன்னொன்று, கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தால் கால் நீண்டு தெரியும். பிள்ளை முழங்காலை மடித்து நன்றாக இருந்த அரைமண்டி கூட, இருக்காத அரைமண்டிபோலத் தெரியும். டீச்சர்மார் இதைக் கண்டால் கோபப்படுவது பிள்ளையோடு, பிழை எங்களுடையது. கமரா ஆடுபவரின் இடுப்பு மட்டத்துக்காவது வர வேண்டும் என்பது என் கணக்கு.

மூன்றாவது கமரா மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்தது. புதிது, நல்லது. ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கமரா விநாடிக்கு 30 படம், ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் 60இல் ஒரு பங்கு என்று அந்த ஊர்க் கணக்கில் இருந்தது. எங்கள் மண்டபத்து ரியூப் லைற் விநாடிக்கு 100 தரம் மின்னும். 60இல் ஒரு பங்கு அதோடு ஒத்துப்போகாது. படம் மெல்லத் துடிக்கும். சாமான் இறக்கும்போது பார்த்துவிட்டதால் 50ஆம் கணக்குக்கு மாற்றினோம். இங்கே வெளிநாட்டுக் கமரா வராத கொண்டாட்டமே இல்லை என்றபடியால் இதை முதல் வேலையாகப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

முதல் கமராவை விநாடிக்கு 50 படம், ஷட்டர் 100இல் ஒரு பங்கு என்று வைத்தேன். வழமையான 25 படத்தில் எடுத்தால் அபிநயம் அழகாக வரும். ஆனால் வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் கை ஒரு புகைபோல இழுபட்டு, முத்திரை எதுவென்று தெரியாது. 50இல் எடுத்தால் வெளிச்சம் பாதியாகும். கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 3200க்கு ஏற்ற வேண்டி வந்தது. கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை, முத்திரை தெரிய வேண்டும். வெளிச்சத்தைக் கமராவின் விருப்பத்துக்கு விடவும் இல்லை. பின்னால் கறுப்புத் திரை. தானாக விட்டால் கமரா அந்தக் கறுப்பைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளுக்க வைத்துவிடும். தலைச்சாமான் வெள்ளைப் பொட்டாகப் போகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தோம். அதனால்தான் பிழை எங்கே என்று தேட எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

46 விநாடி

மாடத்துக் கமரா கொஞ்சம் பழையது. அது ஒரே தடவையில் 29 நிமிடம் 59 விநாடிதான் பதியும். பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடும். பழைய கமராக்கள் பலவற்றில் இந்த எல்லை உண்டு. 30 நிமிடத்துக்கு மேல் பதிந்தால் அது வீடியோக் கமரா என்று ஐரோப்பாவில் அந்த நாளில் கூடுதல் சுங்க வரி விழுந்தது. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஒரு விநாடி குறைத்து நிறுத்தின. பிரசல்ஸில் போட்ட வரி எங்கள் ஊர் மாடத்தில் வந்து கழுத்தை அறுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

எங்களுக்கு எல்லை தெரியும். அதனால் ஒவ்வோர் உருப்படி முடிந்ததும் நிறுத்தி, அடுத்தது தொடங்கும் முன் மீண்டும் அமத்து என்று பெடியனுக்குச் சொல்லியிருந்தேன். அலாரிப்பு சில நிமிடம். ஜதீஸ்வரமும் சப்தமும் கால் மணிக்குள். எல்லாம் ஒழுங்காகப் போனது.

வர்ணம் அப்படியில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய கச்சேரி வரிசையில், நடுவில் மலைபோல உட்கார்ந்திருப்பது வர்ணம். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும். பிற்பாதியில் வேகம் ஏறும். ஆடுபவரின் மூச்சு, தாளம், பாவம் எல்லாவற்றையும் ஒரே உருப்படியில் சோதித்துவிடும். அரை மணிக்கு மேல் போவது சாதாரணம். அன்றைய வர்ணம் 41 நிமிடம்.

அழைப்பிதழில் ராகம் இருந்தது, தாளம் இருந்தது, இயற்றியவர் பெயர் இருந்தது. நிமிடம் இல்லை. நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை முழு ஒத்திகைக்கு வரச் சொல்லி டீச்சர் இரண்டு தரம் அழைத்திருந்தார். அன்று எனக்குச் சாவகச்சேரியில் ஒரு சாமத்திய வீடு. ஒத்திகைக்குப் போயிருந்தால் ஃபோனில் நேரத்தைப் பார்த்திருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

பெடியன் வர்ணத்துக்கான அறிவிப்புத் தொடங்கும்போதே பதிவை அமத்திவிட்டான். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அதனால் வர்ணத்தின் 28ஆவது நிமிடத்தோடு மாடத்துக் கமரா நின்றது. அந்த நேரம் அவன் அங்கே இல்லை. வர்ணம் முடிய இடைவேளை. இடைவேளையில் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கும் டீச்சருக்கும் பொன்னாடை. வீட்டுக்காரர் ஒருவர் மாடத்துக்கு ஏறிவந்து, "தம்பி, ஒருக்கால் இந்தத் தட்டங்களைப் பின்பக்கம் கொண்டுபோகப் பிடியும்" என்று கேட்டிருக்கிறார். வயதானவர் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நம்பிக்கையோடு இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது மண்டபம் கை தட்டிக்கொண்டிருந்தது.

இப்போது என் பக்கம். முதல் கமராவுக்கு யுஎஸ்பி வயரால் மின்சாரம் கொடுத்திருந்தேன். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்று கதிரைகளுக்கு அடியால் போய்ச் சுவரில் செருகியிருந்தது. மங்கல விளக்கு ஏற்றும் நேரம், முன் வரிசையில் பிரதம விருந்தினருக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் நிலத்தில் நிற்கும் விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். விசிறிக்கு ஓட்டை வேண்டும். என்னுடையதைக் கழற்றி அதைச் செருகினார்.

கமரா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பற்றரி இருந்ததால் அதில் ஓடத் தொடங்கியது. திரையின் மூலையில் இருந்த சின்ன அடையாளம் ஒன்று மறைந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளையை. 50 படக் கணக்கில் பற்றரி வேகமாகக் குடித்துத் தீர்ந்தது. 6.32 அளவில், வர்ணத்தின் 32ஆவது நிமிடத்தில், சிவப்பாக மின்னியது.

அப்போது நான் எடுத்த முடிவு: பயப்படாதே, மாடத்தில் அகலப் படம் ஓடுகிறது, டக்கென்று மாற்றிவிடலாம். மூன்றாவது கமராவைப் பார்த்து அகலத்துக்குப் போ என்று கை காட்டக்கூட இல்லை. பற்றரிக் கதவு கமராவின் அடியில். அதை மூடிக்கொண்டு முக்காலியின் தட்டு. தட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, பற்றரி மாற்றி, திரும்பப் பூட்டி, கமரா விழித்து, பிள்ளையைச் சட்டத்துக்குள் கொண்டுவர 46 விநாடி. வீட்டில் பத்து விநாடி போதும். இருட்டில், கை நடுங்க, 46.

பின்னேரம் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தோம். மாடம் இருக்கிறது என்று நான். சிவப்புப் புள்ளி எரிகிறது என்று பெடியன். முழு உடம்பை மற்ற இரண்டும் எடுக்கும் என்று மூன்றாமவர். ஒன்று சரிந்தபோது மற்றது ஏற்கனவே சரிந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. கலியாணங்களில் நாங்கள் ஃபோனில் பேசிக்கொள்வோம். இங்கே மரியாதைக்காக எல்லா ஃபோனையும் சத்தமில்லாமல் பைக்குள் போட்டிருந்தோம்.

புகைப்படங்கள்

புகைப்படம் எடுத்தவர் என்னைவிட மூத்தவர்; அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ரோலில் 36 படம் என்ற காலத்தில் தொழில் பழகியவர். இப்போதுள்ள பெடியள் விசையை அமத்திப் பிடித்து விநாடிக்குப் பத்து எடுத்துப் பிறகு தேடுவார்கள். அண்ணை காதால் எடுப்பார். ஜதியை முடிக்கும் தீர்மானத்தின் கடைசியில் "ததிங்கிணதொம்" மூன்று தரம் வரும். முதல் தரம் பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது, கை எங்கே நீள்கிறது என்று பார்ப்பார். இரண்டாம் தரம் சட்டத்தைச் சரி செய்வார். மூன்றாவதில் "தொம்" விழும்போது ஒரே ஒரு கிளிக். கால் ஊன்றி, கண் கையைப் பார்த்து, உடம்பு ஒரு கணம் சிலையாக நிற்கும் அந்தக் கணம் படத்தில் இருக்கும். இந்தத் தாளச் சொற்கட்டு தெரியாத கை எவ்வளவு வேகமாக அமத்தினாலும் அந்தக் கணத்துக்குக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோதான் விழுகிறது. நான் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவருக்கும் அன்று ஓர் அடி விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு பதம். மெதுவான உருப்படி, மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று அண்ணை கமராவை மௌன முறைக்கு மாற்றினார். நல்ல எண்ணம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பதத்தில் எடுத்த 140 படத்திலும் வரி வரியாகக் கறுப்புப் பட்டி.

காரணம் இதுதான். மௌன முறையில் கமரா படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. எல்இடி மேடை லைற்றுகளில் பலவற்றை மங்க வைக்கும்போது உண்மையில் அவை மங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. எரியும் நேரம் வாசித்த வரி வெளிச்சம், அணைந்த நேரம் வாசித்த வரி இருட்டு. பொறிமுறை ஷட்டரில் திரை சட்டத்தை வேகமாகக் கடப்பதால் இது குறைவாகவே தெரியும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தாலும் குறையும். ஆனால் அண்ணை 500இல் ஒரு பங்கில் நின்றார்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, அண்ணை பரீட்சித்துப் பார்த்தவர் என்பதுதான். நாலரை மணிக்கே மௌன முறையில் நாலைந்து படம் எடுத்துப் பார்த்தார். ஒரு பட்டியும் இல்லை. அப்போது லைற் முழு வெளிச்சத்தில் இருந்தது. முழு வெளிச்சத்தில் அணைதலே இல்லை. பதத்துக்காக லைற்காரர் பாதிக்கும் கீழே இறக்கினார், உருப்படிக்கு அதுதான் அழகு. பரீட்சை சரி, பரீட்சித்த வெளிச்சம் பிழை. இதுவும் ஒத்திகையில் பிடிபட்டிருக்கும். 140இல் ஒன்பது தேறியது. அவற்றில் பட்டி கறுப்புத் திரைமேல் விழுந்து ஒளிந்துகொண்டது.

சிவப்பைப் பற்றியும் ஒரு சொல். ஜதீஸ்வரத்தில் லைற்காரர் உற்சாகமாகி முழுச் சிவப்பைக் கொட்டினார். பிள்ளையின் உடுப்பு அரக்கு. கமராவுக்குச் சிவப்பு நிரம்பி வழிந்து, பட்டின் மடிப்பு, கரை, முகத்தின் மேடு பள்ளம் எல்லாம் ஒரே குங்குமப் பூச்சு. இதைப் பின்னர் திருத்த முடியாது. இல்லாத விபரத்தை எந்த மென்பொருளும் மீட்காது. சப்தத்துக்கு முன் அண்ணை போய், "தம்பி, பின்னுக்கு என்ன நிறமெண்டாலும் போடும், முன்னுக்குக் கொஞ்சம் வெள்ளை விடும்" என்று கேட்டுக்கொண்டார். கேட்டவுடன் செய்தார். மனிதர் நல்லவர், யாரும் அவரிடம் முன்கூட்டிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

தெரிந்தெடுத்த 212 படத்தை டீச்சரிடம் கொடுத்தோம். அவர் 31ஐக் கழித்தார். எங்கள் கண்ணுக்கு அவற்றில் சில மிக நல்ல படங்கள். "பதாகத்தில கட்டைவிரல் மடியேல்லை பாருங்கோ", "இது அடவு முடிய முதல் எடுத்தது, முழங்கை விழுந்திருக்கு". பாவாடை விசிறியாக விரிந்து, காற்றில் நிற்பதுபோன்ற படமொன்றை அண்ணை கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. ஆடிய பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் சுவரில் தொங்கப்போவது அந்தப் பிழையான விரல் என்றார் டீச்சர். அல்பத்துக்குப் போகும் முன் ஆசிரியர் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சத்தம்

ஒலி அன்று பிசகவில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் எடுத்தோம். அதில் பாட்டு, தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லும் நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் எல்லாம் வரும். சலங்கை வராது, ஏனென்றால் அதற்கு யாரும் மைக் வைப்பதில்லை. மிக்ஸர் ஒலியை மட்டும் நம்பியவர்களின் வீடியோவில் பிள்ளை பஞ்சு மெத்தையில் ஆடுவதுபோல இருக்கும். மேடை விளிம்பில், பூச்சாடிக்குப் பின்னால், சின்ன மைக் ஒன்றை வைத்துத் தனிக் கருவியில் பதிந்தோம். நட்டுவாங்கத் தாளம் திடீரென்று குத்தும் என்பதால் அளவைக் கீழேயே வைத்தோம்.

தனிக் கருவியில் பதிந்தால் ஒரு வில்லங்கம். இரண்டு கருவியின் கடிகாரமும் மயிரிழை வேறுபடும். பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே இரண்டு மணி நேரத்தில், அதாவது 7200 விநாடியில், 0.144 விநாடி விலகும். பேச்சென்றால் அவ்வளவாக உறுத்தாது. தட்டடவில் கால் விழுந்த பிறகு சத்தம் கேட்டால் பிள்ளை தாளம் தப்பியதாகப் பார்ப்பவர் நினைப்பார். அதனால் ஒவ்வோர் உருப்படியையும் தனியாக வெட்டி, அதன் முதல் தட்டில் ஒலியையும் படத்தையும் ஒட்டினோம்.

திருத்தியது

டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சரணத்துக்கு அவள் மூண்டு மாதம் பாடுபட்டவள், தம்பி" என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளையின் அம்மா ஒரு வழி சொன்னார். உடுப்பு, நகை எல்லாம் வீட்டில் இருக்கிறது. மண்டபத்தை ஒரு காலை எடுத்து, அந்தத் துண்டை மட்டும் திரும்ப ஆடி எடுத்து ஒட்டினால் என்ன? தொழில் ரீதியாக முடியும். பதிந்த ஒலிக்கு ஆடினால் போதும். எனக்கும் ஆசை வந்தது, சொல்லப்போனால். டீச்சர் மறுத்தார். அன்று 32ஆவது நிமிடத்தில் ஆடியது களைத்துப்போய், வேர்த்து, மை கரைந்து நின்ற பிள்ளை. காலை பத்து மணிக்குப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வரும் பிள்ளை வேறு பிள்ளை. யோசித்துப் பார்க்க, அவர் சொன்னதுதான் சரி. ஒட்டியிருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பொய் அந்த வீடியோவில் இருந்திருக்கும்.

கடைசியில் காப்பாற்றியது மச்சாளின் ஃபோன். அவர் அதை இடப்பக்கத் தூண் ஒன்றில் செலோடேப்பால் கட்டி, குறுக்காக வைத்து, அசையாமல் விட்டிருந்தார். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணிக்கு அந்த 46 விநாடியைப் பாதத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். ஊரில் இருந்த எங்களிடம்தான் இல்லை. நேரலையின் தொடக்கத்தில், திரை விலக முன் போட்ட இசைத்தட்டு நாதஸ்வரத்துக்காகத் தளம் பதிப்புரிமையைக் காட்டி ஒலியை முடக்கியிருந்தது. எங்களுக்கு ஒலி தேவையில்லை, படம்தான் வேண்டும்.

தரம் குறைவு, கோணம் பக்கவாட்டு, நிறம் வேறு. நிறத்தை முடிந்தவரை எங்கள் படத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். 46 விநாடியும் ஃபோன் படத்தையே விட்டால் கண் உறுத்தும். அதனால் அடவு தொடங்கும் இடத்தில் ஃபோன், சுவரத்தின் நடுவில் இரண்டு தடவை முகம், முத்தாய்ப்பில் மீண்டும் ஃபோன் என்று கோர்த்தேன். ஒலி எங்களுடையது, சலங்கை அடியை வைத்து ஒட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "கால் இருக்கு" என்றார். அந்தத் துண்டுக்கான காசை நான் வாங்கவில்லை. மாமா தர வந்தார், அது வேறு கதை.

ஃபோன் பதிவைச் சேர்க்க மச்சாளிடம் கேட்டது போலவே, முழு வீடியோவையும் பொதுவில் ஏற்ற முன் பக்கவாத்தியக் கலைஞர்களிடமும் கேட்டோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளருக்கும் உரிமை கொடுக்கிறது. மேடையில் வாசித்தவர் சம்மதமில்லாமல் அவர் வாசிப்பைப் பதிந்து பரப்புவது சரியல்ல. இங்கே இதை யாரும் கேட்பதில்லை. மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்; தன் தனிப்பகுதி ஒன்றை வெட்டித் தரும்படி கேட்டார், கொடுத்தோம். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்பதால், என்ன படம் வெளியே போகலாம் என்பதைத் தாய் தகப்பனோடு பிள்ளையிடமும் கேட்டேன். அவர் மூன்று படத்தை வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு இரண்டு அரங்கேற்றம் செய்திருக்கிறோம். இரண்டுக்கும் ஒத்திகைக்குப் போனேன். கொப்பியில் ஒவ்வோர் உருப்படிக்கும் நிமிடம் எழுதினேன், லைற்காரரை அங்கேயே பிடித்துப் பேசினேன். ஒன்றில் வர்ணம் 36 நிமிடம், மற்றதில் 44. மாடத்துக் கமராவை விற்றுவிட்டு எல்லையில்லாத ஒன்றை வாங்கியாயிற்று. பெடியன் காதில் இப்போது எங்களோடு பேச ஒரு வயர் இருக்கிறது, என் காதிலும். முக்காலித் தட்டுக்குப் பதில் பற்றரிக் கதவை மறைக்காத சின்னத் தட்டு ஒன்று தேடிப் பிடித்தேன். சுவரில் செருகும் இடத்தில் "கழற்ற வேண்டாம்" என்று எழுதி ஒட்டிப் பார்த்தோம். முதல் அரங்கேற்றத்திலேயே யாரோ கழற்றி ஃபோன் சார்ஜ் போட்டிருந்தார்கள். நல்லகாலம், காதில் வயர் இருந்தது.

அதனால் இப்போது எங்கள் சாமான் பெட்டிகளோடு, பிரதம விருந்தினருக்காகச் சார்ஜில் ஓடும் விசிறி ஒன்றும் வருகிறது.